மாட்டன் என்றவள்

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மொன்றியலில் என்னைத் தெரிந்த தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் அந்தக் கட்டிக்காக என்மேல் இரக்கப்பட்டார்கள். சிலர் நேர்த்தி வைத்தார்கள். கர்க்லாண்டில் இருக்கும் ஒரு அன்ரி, அது தேசிக்காய் அளவு என்று அளவே சொல்லியிருக்கிறார். இல்லாத கட்டிக்கு அளவெடுக்கிற சனம் நாங்கள்.

என் கர்ப்பப்பையில் ஒரு பிழையும் இல்லை. பரிசோதித்த டொக்டர் அதைப் பார்த்துப் பாராட்டாத குறை. எனக்குப் பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. பிள்ளையை வயிற்றில் வைத்துச் சுமக்கிற விருப்பம் இருக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றில்லை என்பது ஆண்கள் விஷயத்தில் எல்லாருக்கும் விளங்குகிறது. என் கணவரும்தான் பிள்ளை வேண்டும் என்றார். நீர் ஏன் சுமக்கவில்லை என்று அவரை ஒருவரும் இருத்தி வைத்துக் கேட்கவில்லை. அவருக்கு அதற்கான உறுப்பு இல்லை என்பீர்கள். உறுப்பு இருந்தால் அதைப் பாவித்தே ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

சரி, ஏன் விருப்பமில்லை? இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் கொள்ளாது. நான் பஸ் ஓட்டுகிறவள், பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். வேலை போய்விடும் என்ற பயமா என்று கேட்டார்கள். இல்லை, இங்கே கர்ப்பிணி ஓட்டுநரைச் சம்பளத்தோடு வீட்டில் இருத்துவார்கள். அழகு கெட்டுவிடுமா என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். நோவுக்குப் பயமா? பயமே இல்லை. கருமுட்டை எடுப்பதற்காக நாள் தவறாமல் என் வயிற்றில் நானே ஊசி போட்டேன். எனக்கு என் உடம்பு எனக்கு மட்டுமே உரியதாக இருப்பது பிடிக்கும். பதினைந்து வயதிலிருந்து இதை நான் அறிவேன். கத்தரிக்காய் பிடிக்காது என்றால் ஒருவரும் காரணம் கேட்பதில்லை. இதற்கு மட்டும் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் சொன்னது அம்மாவுக்கு. அம்மா எங்களோடுதான் ரொக்ஸ்பரோவில் இருக்கிறார். அப்பா காலமான பிறகு வந்தவர். எனக்கு மூத்தவர்கள் மூன்று பேரும் ரொறன்ரோவில். அன்றைக்கு அம்மா அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். நான் மேசையில் இருந்தபடி, பிள்ளை பெறத் தீர்மானித்துவிட்டோம், ஆனால் இன்னொரு பெண்தான் சுமப்பாள் என்றேன்.

அம்மா அடுப்பைக் குறைத்தார். "ஏன், உனக்கு ஏலாதோ?"

"ஏலும் அம்மா. நான் மாட்டன்."

யாழ்ப்பாணத் தமிழ் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஏலாது என்றால் முடியாது. சுகமில்லை என்பதற்கும் அதே சொல்தான். அவவுக்கு ஏலாது என்றால் அவர் படுக்கையில் கிடக்கிறார் என்று அர்த்தம். மாட்டன் என்பது வேறு. முடியும், ஆனால் செய்யேன் என்பது. முதற்சொல் உடம்பு சொல்வது, இரண்டாவது மனம் சொல்வது. எங்கள் சனத்துக்கு முதற்சொல்லைக் கேட்டால் கண்ணீர் வரும். இரண்டாவதைக் கேட்டால் கோபம் வரும், அதுவும் ஒரு பெண் சொன்னால் இன்னும் வரும்.

அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. வெங்காயம் கருகிவிட்டது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மடைத்தனம்.

வைத்தியசாலையிலும் இதே கதைதான், பிரெஞ்சில். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் விருப்பமில்லை என்று எழுதினேன். டொக்டர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, கர்ப்பத்தைப் பற்றிய கடுமையான பயம் என்று ஒரு நோய் இருக்கிறது, அதை எழுதினால் எல்லாம் சுகமாக நடக்கும் என்றார். எனக்குப் பயமில்லை என்றேன். அவர் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டம் சொல்கிற ஆலோசனைக் கூட்டம். அதில் ஒரு சமூகப் பணியாளர், சிறு வயதில் ஏதாவது துயரம் நடந்ததா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். யோசித்துப் பாருங்கள் என்றார். நான் யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

காயத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். எங்கள் வீட்டுக்கு இது புதிதில்லை. அப்பா அகதி வழக்குக்குப் போனபோது அவர் உடம்பில் ஒரு தழும்பும் இருக்கவில்லையாம். தம்பியைப் பறிகொடுத்தவர், வீட்டை விட்டவர், ஆனால் தோல் முழுசாக இருந்தது. விசாரித்தவர் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் அப்பா நிமிர்ந்து இருந்து பதில் சொன்னாராம், அவர் நம்பவில்லையாம். கடைசியில் அப்பா உடைந்து அழுதபோதுதான் தலையை ஆட்டினாராம். அம்மா இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் எதைப் படித்துக்கொண்டார் என்று நான் யோசிக்கவே இல்லை.

காயம் கேட்காமல் என்னிடம் பேசியது ஒரே ஒருத்தி. என்னோடு பஸ் ஓட்டுகிறவள். கியூபெக்காரி, புரோசார்ட்டில் வீடு, பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு பிள்ளைகள். ஓட்டுநர் அறையில் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்கும்போது பழக்கமானவள். தன் வாழ்க்கையில் மிகச் சந்தோசமாக இருந்தது வயிற்றில் பிள்ளையைச் சுமந்த அந்த இரண்டு பதினெட்டு மாதம்தான் என்று சொல்லுவாள். ஒன்பதும் ஒன்பதும் என்று நான் திருத்தினால், அவளுக்கு அப்படித்தான் இருந்ததாம். பிள்ளை இனி வேண்டாம், வயிறு மட்டும் வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கு நேர்மாறு என்று ஒரு நாள் நானும் சிரித்துக்கொண்டு சொன்னேன். ஆறு மாதம் கழித்து அவளே வந்து, உன் பிள்ளையை நான் சுமக்கட்டுமா என்றாள். அதற்கு முன் அவள் கேட்டது ஒரே கேள்வி. உனக்கு முடியாதா, விருப்பமில்லையா?

விருப்பமில்லை என்றேன். பிரெஞ்சில் அது இரண்டே அசை. வெ பா.

அவள் மேசையில் தட்டிச் சிரித்தாள். நேராகப் பேசுகிற ஒருத்தி கிடைத்தாளே என்றாள். சுகமில்லாத பெண்ணுக்கு உதவுவது என்றால் தனக்கு இரக்கமும் சுமையாகச் சேர்ந்துவிடும், இது அப்படியில்லை, எனக்குப் பிடித்ததை நான் செய்கிறேன், உனக்குப் பிடிக்காததை நீ விடுகிறாய் என்றாள். அவளுடைய தமக்கைக்கு இது அறவே பிடிக்கவில்லை. அந்தப் பெண் உன்னை வேலைக்காரி ஆக்குகிறாள் என்று தமக்கை சண்டை பிடித்தாளாம். இவள் எனக்காக, என்னுடைய அந்த இரண்டு அசைக்காக, தமக்கையோடு மாதக்கணக்கில் சண்டை போட்டாள்.

அவளைத்தான் எங்கள் ஆட்கள் வாடகைத்தாய் என்றார்கள். என்ன வாடகை? இந்த நாட்டில் சுமப்பதற்குக் காசு கொடுப்பது குற்றம். வாடகைக்கு எடுக்க அவள் என்ன அடித்தள அறையா? யார் இந்தச் சொல்லைச் செய்தார்களோ, அவர்களை ஒரு நாள் குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நான் நிற்பாட்டாமல் போக வேண்டும்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கட்டி பிறந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில், பிளாஸ்டிக் தட்டோடு ஒரு பெண் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதேங்கோ, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு என்றார். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. கேட்கிற எல்லாருக்கும் அவளுக்கு ஏலாது என்றுதான் சொல்கிறேன், என்ன வருத்தம், என்ன நோய் என்று துருவினார்கள், கட்டி என்றேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். என் அம்மா இல்லாத பூசணிக்காயைச் செய்து பரிமாறியிருந்தார்.

நான் கத்தினேன். ஆனால் இதையும் எழுத வேண்டும், வெளியில் நான் அதை மறுக்கவில்லை. இரக்கம் சுகமானது. அதுவரை திமிர் பிடித்தவள் என்று முகத்தைத் திருப்பியவர்கள் எனக்குப் பலகாரம் கொண்டுவந்தார்கள். என் கணவரின் தாய் ரொறன்ரோவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்து ஆறுதல் சொன்னார். கணவரும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மௌனம் சம்மதம் என்றால் அந்தப் பொய்க்கு நாங்கள் இரண்டு பேரும் சம்மதித்தோம். அம்மா மேல் நான் படுகிற கோபத்தில் பாதி எனக்கு உரியது.

மகள் மார்ச் மாதத்தில் பிறந்தாள், பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு காலைப்பொழுது. நானும் கணவரும் அறைக்குள் நின்றோம். புரோசார்ட்காரி பெரிதாக முக்கி, பெரிதாகத் திட்டி, பிள்ளையைப் பெற்று, என் நெஞ்சில் வைக்கச் சொன்னாள். அந்த நேரத்தை எழுத எனக்குத் தெரியாது, முயலவும் மாட்டேன்.

பின்னேரம் அம்மா வந்தார். கட்டிலில் புரோசார்ட்காரி, பக்கத்துக் கதிரையில் அவளின் தமக்கை, யன்னலடியில் பிள்ளையோடு நான். அம்மா பிள்ளையைப் பார்த்த பார்வை நல்ல பார்வைதான். பிறகு நேரே கட்டிலடிக்குப் போய் அவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, இருபது வருடம் தையல் தொழிற்சாலையில் பொறுக்கியது. அதை வைத்துக்கொண்டு சொன்னார்.

"மெர்சி, மெர்சி. மா ஃபீ மலாட். மலாட், வான்த்ர்."

என் மகள் நோயாளி. நோய், வயிறு. ஏலாது என்ற சொல்லைக் கொண்டுபோய் அப்படியே பிரெஞ்சில் இறக்கிவிட்டார். ஏலாதவள் என்றால் அந்த மொழியில் மலாட்தான், வேறு என்ன? நான் இல்லை இல்லை என்று குறுக்கே போனேன். அம்மா இன்னும் பலமாக அழுதார். அழுதால் கதவு திறக்கும் என்று படித்தவர் அல்லவா. தமக்கை தங்கையைப் பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்ற அந்தப் பார்வைக்கு மொழி தேவையில்லை.

இந்த ஊர்ச் சட்டம் இது: சுமந்தவள் பிள்ளை பிறந்து ஏழு நாள் கழிந்த பிறகுதான், முப்பது நாளுக்குள், இந்தப் பிள்ளைக்கு நான் தாயில்லை என்று சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவரை பிள்ளை எங்கள் வீட்டில் தூங்கலாம், என் தோளில் பால் கக்கலாம், ஆனால் அவளின் தாய் நான் என்று ஒரு கடதாசியும் சொல்லாது. எட்டாம் நாள், பத்திரம் பதிகிற நொத்தாரிசின் அலுவலகத்தில் நானும் கணவரும் போய் இருந்தோம். அவள் வரவில்லை. தொலைபேசியில் ஒரு செய்தி மட்டும் வந்தது. எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

அன்றைக்கே அழைத்தேன். மூன்றாம் தரம் எடுத்தாள். கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் நிதானமாகப் பேசினாள். என்ன நோய் என்று கேட்டாள். பிள்ளைக்கும் வருமா, எனக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? நோயே இல்லை, அது அம்மா சொன்ன பொய் என்றேன். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பொய் என்கிறாய், என் கையெழுத்துத் தேவைப்படுகிற நேரத்தில் நீ வேறு எதைச் சொல்வாய் என்றாள். பிறகு, என் தமக்கையோடு நான் உன் விருப்பமின்மைக்காகச் சண்டை போட்டேன், இப்போது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அம்மாவிடம் போனேன். நீங்கள் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னாலை போய், நான் பொய்க்காரி எண்டு நிக்கச் சொல்லுறியோ? நான் உன்ரை மானத்தைக் காப்பாத்தினனான்."

"என்ரை மானத்துக்கு என்ன வந்தது? உங்கடை மானத்தையெல்லோ காப்பாத்தினியள்."

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்த வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே பிள்ளை, தேவைக்கு மேல் கதை இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இருந்த மூன்று தலைமுறைக்கும் அது பொருந்தியது. இதற்குள் துடக்குப் பிரச்சினை வேறு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயிலுக்குப் போகக்கூடாது. பெறாத தாய்க்குத் துடக்கு உண்டா? அம்மா தானே யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். என் கணவருக்கு உண்டு, எனக்கு இல்லை. நான் கோயிலுக்குப் போகலாமாம். பெறாதவள் என்று கோயில் வாசலில் ஒட்டி அனுப்புவது போல இருந்தது. நான் போகவில்லை. துடக்கும் எனக்கு வேண்டும், அழுக்கும் எனக்கு வேண்டும், எல்லாத் தாய்க்கும் உள்ளது எனக்கும் வேண்டும் என்று சமையலறையில் நின்று கத்தினேன். கணவர் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வேலை செய்தார்.

இருபத்தைந்தாம் நாள் அம்மாவுக்கு முன்னால் நாட்காட்டியை வைத்தேன். ஐந்து நாள்தான் இருக்கிறது, அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் வழக்கு, நீதிமன்றம், அதுவரை சட்டப்படி இந்தப் பிள்ளை புரோசார்ட்காரியின்ரை என்றேன். அம்மா பிள்ளையைப் பார்த்தார். எழும்பிப் போய் ஜக்கெற்றைப் போட்டார். பிறகு திரும்பி வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, சரக்குத்தூள் போட்டு வைத்த கோழிக்கறியை ஒரு டப்பாவில் ஊற்றினார். மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்த அந்தக் கறி, பிள்ளை பெற்றவளுக்கு என்று எங்கள் வீடுகளில் சமைப்பது. முதல் நாளே யாருக்குச் சமைத்தார் என்று நான் கேட்கவில்லை.

புரோசார்ட்டில் தமக்கைதான் கதவைத் திறந்தாள். அவளைக் கண்டதும் அம்மா தயங்கினார், ஆனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். புரோசார்ட்காரி சோபாவில் இருந்தாள், முகம் வீங்கி, தலை கலைந்து. பிள்ளையைக் கண்டதும் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

அம்மா உட்காரவில்லை. அறை நடுவில் டப்பாவோடு நின்றுகொண்டு சொன்னார்.

"மா ஃபீ பா மலாட். முவா, பா வ்ரே. மா ஃபீ வெ பா."

என் மகள் நோயாளி இல்லை. நான் சொன்னது உண்மையில்லை. என் மகளுக்கு விருப்பமில்லை. இலக்கணம் எல்லாம் பிழை. அதைவிடச் சரியான பிரெஞ்சு அந்த நகரத்தில் நான் கேட்டதில்லை. இந்தமுறை அம்மா அழவில்லை.

புரோசார்ட்காரி தமக்கையைப் பார்த்தாள். தமக்கை யன்னலைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். நான்கு என்று அம்மா விரலைக் காட்டினார். உங்களுக்கு விருப்பம் இருந்ததா என்று கேட்டாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கேள்வியை நான் தமிழில் சொன்னேன். அம்மா டப்பாவை அவள் மடியருகே வைத்து, சூடாக்கித் தின்னச் சொல்லு என்றார்.

அடுத்த நாளே கையெழுத்து வைப்பதாக அவள் சொன்னாள். வைத்தாள். நொத்தாரிசின் மேசையிலிருந்து எழும்பும்போது, உன் அம்மாவின் கறி உறைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது புரோசார்ட்டிலிருந்து திரும்பி வந்த வழி. அம்மா பின் ஆசனத்தில் பிள்ளையோடு இருந்தார். கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்ப்பது என் தொழில், அதனால் அவர் முகம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பாலத்தில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. அம்மா என்னிடம் சொல்கிறாரா, பிள்ளையிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் பேசினார்.

"நான் ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை. ஏலாது எண்டுதான் சொல்லுவன். ஏலாது எண்டால் இரண்டு நாளைக்கெண்டாலும் விடுவினம். மாட்டன் எண்டால் ஆர் விட்டது?"

முன்னால் நின்ற கார் கொஞ்சம் நகர்ந்தது, நானும் நகர்த்தினேன்.

"மூண்டோடை போதும் எண்டிருந்தது. நாலாவதுக்கு ஏலாது, ஏலாது எண்டு கொப்பருக்குச் சொன்னன், மாமிக்குச் சொன்னன். ஒருத்தரும் காதிலை விழுத்தேல்லை."

நாலாவது நான்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அம்மா மேல் இல்லை. அப்பா மேல், நான் முகம் காணாத அந்த மாமி, என் அப்பம்மா மேல், அம்மா ஏலாது ஏலாது என்று சொல்லச் சொல்ல வயிற்றைத் தடவிப் பார்த்துப் போன அத்தனை பேர் மேல். என் மகளைச் சுமந்தவள் ஆசைப்பட்டுச் சுமந்தாள். என்னைச் சுமந்தவளிடம் ஒருவரும் கேட்கவே இல்லை. இந்த முப்பத்தெட்டு வயது வரை எது என் பிடிவாதம் என்று நினைத்தேனோ, அது அவர் வாய்க்குள் நின்றுபோன சொல். அதை வைத்துக்கொண்டு அவர் என்னையே பொய்யால் மூடினார் என்பதற்காகவும் கோபம் வந்தது. எல்லாக் கோபமும் ஒன்றாக வந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், நானும் திருப்பி அடித்தேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. ஐயர் வந்தார், வரவேற்பறையில் கும்பம் வைத்தார், வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிள்ளைக்கு முதல் முடி வழித்தோம். தாய் எங்கே என்று ஐயர் கேட்டபோது நான் எழும்பி முன்னால் போனேன், என் மேலும் தெளித்தார். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், கர்க்லாண்ட் அன்ரி உட்பட. அன்ரி பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"பாவம், தாய்க்கு ஏலாமல் போனாலும் கடவுள் ஒரு வழி விட்டிட்டார்."

நான் வாயைத் திறந்தேன். இந்தமுறை விடுவதில்லை என்று அன்று காலையே தீர்மானித்திருந்தேன். ஆனால் சமையலறை வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கட்டியும் இல்லை, நான் சொன்னது பொய். அவள் மாட்டன் எண்டவள்."

ஐயர் கும்பத்துத் தேங்காயைக் கையில் எடுத்தபடி நின்றார். அன்ரிக்கு முகம் ஒருமாதிரிப் போய்விட்டது.

"ஏன் மாட்டன் எண்டவ?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த அகப்பையை மேசையில் வைத்தார்.

"விருப்பமில்லை."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அவர் யாருக்காகச் சொன்னார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.